குழாயில் ஏறிய சிவப்பு

வெள்ளத்தாய் தேன் வியாபாரி அப்துல் ஹமீதுக்குத் தர வேண்டியது ஆயிரத்து நூற்று எண்பத்தைந்து ரூபாய். செண்பகத்தோப்பு மலையில் தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்த புருஷனுக்கு மாவுக்கட்டுப் போட வாங்கியது. அதற்கு ஈடாக அவளும் தம்பியும் மலையேறி எடுத்ததுதான் இந்த இரண்டு டின் தேன். ராஜபாளையம் லேகியக் கம்பெனியின் சோதனையில் தேறினால் கணக்குத் தீரும். தேறாவிட்டால் தேனும் போச்சு, கடனும் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இனி எந்தக் கடைக்காரனும் அவள் டின்னைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான்.

சோதனைக்காரர் சௌந்தரபாண்டியன் தேனில் நெடியடிக்கும் மருந்தை ஊற்றிக் குலுக்கினார். மேலே தெளிந்ததை வேறு குழாயில் வடித்து, அமிலம் கலந்த இன்னொரு மருந்தைச் சொட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் குழாய் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. பாகு கலந்த தேன்தான் இப்படிச் சிவக்கும் என்றார்.

பக்கத்தில் நின்ற ஹமீதின் முகம் கறுத்தது. “எத்தன கார்டு ரேஷன் சீனி தாயி இதுல இருக்கு?”

சுத்தத் தேனென்றால் பற்றும் என்று வெள்ளத்தாய் தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிக் காட்டினாள். பற்றியது. கெட்டிப்பாகில் முக்கினாலும் பற்றும் என்றார் சௌந்தரபாண்டியன். சற்று யோசித்துவிட்டு, அடுப்பில் வைத்தாயா என்று கேட்டார்.

வைத்தேன் என்றால் விலை விழும். இல்லை என்றால் திருட்டுப் பட்டம்.

“வச்சேன் சார். ஐப்பசி மழைத் தேன், தண்ணியா இருந்துச்சு. போன வருசம் டின்னு புளிச்சுப் பொங்கிப் போனதும், காய்ச்சிக் கொண்டான்னு இந்த மொதலாளிதான் சொன்னாவ. ரெண்டு மணி நேரம் கொதிக்க விட்டேன்.”



ரொம்பக் கொதித்தால் நல்ல தேனும் சிவக்கும், காய்ச்சாத தேன் இருந்தால் பார்த்துவிடலாம் என்றார் சௌந்தரபாண்டியன். முதல் அடைத் தேனைத் தீயில் காட்டாமல் கடன் கொடுத்தவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அவள் பக்கத்து வழக்கம். இந்த முறை அவள் கொடுத்த பாட்டில் ஹமீது வீட்டில் இருந்தது. அவர் மொபெட்டில் போய் எடுத்து வரும்வரை அவள் உட்காரவே இல்லை.

பாட்டில் தேன் நிறம் மாறவில்லை. அதில் பாதியைச் சௌந்தரபாண்டியன் அடுப்பில் வெகுநேரம் கொதிக்கவிட்டு, மறுபடி மருந்தைச் சொட்டினார். சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

லேகியத்துக்கு ஆகாது, மிட்டாய்க் கடைக்குத் தள்ளினால் தொள்ளாயிரம் கிடைக்கும் என்று ஹமீது கணக்குப் போட்டார். மீதி இருநூற்று எண்பத்தைந்துக்கு எத்தனை நாள் தவணை என்று அவள் கேட்டாள்.

“காய்ச்சச் சொன்னவன் நான்தானே. அது என் தலையில போகட்டும்,” என்றவர் கடன் கணக்குச் சிட்டையை எடுத்து, அவள் பேர் இருந்த பக்கத்தில் குறுக்கே கோடு கிழித்தார்.