சின்ன கியர்

அழித்துவிட்டுத்தான் கத்தினானா, கத்திவிட்டு வந்து அழித்தானா?

விடிந்ததிலிருந்து யசோதினியின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒன்றுதான். வாய் விட்டுக் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. பதுளை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிரேத அறைக்கு எதிரே கிடந்த சீமெந்து வாங்கில், புருஷனுக்கு உடுத்த வேண்டிய துணிகளைப் பையில் மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார் பாக்கியலெட்சுமி. அவள் அழுகை சற்று ஓயும். ஓய்ந்ததே குற்றம் என்பதுபோல மறுபடியும் தொடங்கும்.

"ரோட்டு போடாத மலைக்கு ரதம் வாங்கினியே, என் ராசா..."

சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்களின் வேனில் சாய்ந்து அஜந்தன் நின்றான். அவள் புருஷன் துஷாந்தின் தம்பி. கொழும்பில் துணிக்கடையில் வேலை, லீவில் வந்தவன். இடது கையில் செம்மஞ்சள் வாரு போட்ட பெரிய கைக்கடிகாரம். அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடியே நின்றான். காலையிலிருந்து அவன் அதை வெளியில் எடுத்து அவள் பார்க்கவில்லை.

நேற்று மத்தியானம் அவள் பிள்ளை மடுவத்தில் இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த மடுவத்துக்கு அவள்தான் பொறுப்பு. பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பலகையில் கிடந்த போன் மின்னியது. ஈரக் கையால் தொடாமல் குனிந்து பார்த்தாள். அஜந்தன் அனுப்பிய படம். ஜீப்பின் உட்புறம். சின்ன கியரின் உருண்டைத் தலையைப் பிடித்திருந்த ஒரு கை, செம்மஞ்சள் வாரு. இடது பக்கக் கண்ணாடிக்கு அப்பால், கீழே, துஷாந்தின் தலைமுடி கொஞ்சம். 'அண்ணி, நானும் டிரைவர்' என்று எழுதியிருந்தான். அவள் சிரித்தாள். மிச்சக் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்து, கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தபோது படம் இல்லை. செய்தி அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

மலைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது அதற்குப் பிறகுதான்.

கூச்சல் மடுவம்வரை வந்து சேர நேரம் எடுத்திருக்கும், அவன் முன்பே கத்தியிருப்பான் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. அண்ணன் ஏசியிருப்பான், அதனால் அழித்திருப்பான், பிறகுதான் வண்டி உருண்டிருக்கும் என்றும் அதே பாதி சொன்னது. மற்றப் பாதி ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

துஷாந்தின் சித்தப்பா சிவஞானம் கையில் இரண்டு பிளேன்டீயோடு வந்தார். ஒரு காலத்தில் தோட்டத்துச் சங்கத் தலைவர். இப்போதும் நடையில் அது இருக்கும்.

"குடிங்க. டீயா இது, சட்டி கழுவுன தண்ணி. தேயில விளையிற ஊருல நமக்கு இதுதான் விதிச்சது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாவ விசாரிக்கிற கொரோனர் ஐயா வந்துட்டாரு. ஒவ்வொருத்தரா உள்ள கூப்புடுவாங்க. ஆளுக்கு ஒண்ணு சொன்னா காரியம் கெட்டுப் போயிரும். அந்தக் காலத்துல தொர பங்களா வாசல்ல நின்னப்பவும் நாங்க ஒத்த வாயாத்தான் பேசுனோம். ஞாபகம் வச்சுக்கங்க. பிரேக் புடிக்காத வண்டி. வித்தவன் மறைச்சு வித்துட்டான். அஜந்தன் வண்டிக்குப் பின்னால நின்னான். அம்புட்டுத்தான்."

"பின்னாலதான் நின்னேன்," என்றான் அஜந்தன், யாரும் கேட்காமலே.

"அதத்தான்டா சொல்றேன். கூட ஒரு சொல்லு வேணாம், கொறய ஒரு சொல்லு வேணாம்." சிவஞானம் யசோதினியைப் பார்த்தார். "என்ன யசோ, வெளங்குச்சா?"

அவள் தேநீரை ஊதினாள்.

வண்டி வாங்கப் போன அன்று அவளும் போயிருந்தாள். துஷாந்துக்கு அது பெருநாள். பல வருஷம் ஆட்டோ ஓட்டியவன். அவர்கள் தோட்டத்தின் உயர்ந்த பிரிவான மேக்கணக்குக்கு ஆட்டோ ஏறாது. அங்கே பிரசவ வலி கண்டவளைக்கூடக் கம்பளியில் கட்டித்தான் தூக்கி வருவார்கள். நாலு சில்லும் இழுக்கிற ஒரு பழைய ஜீப் இருந்தால் போதும், நோயாளி, மரக்கறி, மேலே மலை பார்க்க வரும் வெள்ளைக்காரர் எல்லாரையும் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டான். ஆட்டோவை விற்றான். பதுளையில் பழைய வாகனம் விற்கும் ஷுக்ரி நானாவின் வளவில் நின்ற ஜீப்பைக் காட்டியபோது, "இது எனக்கு மூத்தது யசோ, மரியாதையாப் பாரு," என்றான்.

அவள் மரியாதையாகப் பார்க்கவில்லை. சந்தேகத்தோடு பார்த்தாள். பழைய வண்டியில் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். பிள்ளை மடுவத்துப் பலகையில் ஒட்டும் காந்த எழுத்து ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், வண்டியின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தாள். இடது கதவின் அடியில் அது பொத்தென்று விழுந்தது.

துஷாந்துக்கு வெட்கம். "வாத்திச்சி வண்டிக்கு எழுத்துப் படிச்சுக் குடுக்குறா நானா," என்று சமாளித்தான்.

ஷுக்ரி விழுந்து விழுந்து சிரித்தார். "அது பட்டி போட்ட இடந்தான் தங்கச்சி. கீழே படுத்துப் பாருங்க, இன்னும் ரெண்டு இடம் காட்டுறேன். சந்தேகப்படுறவங்கதான் பழைய ஜீப் வாங்கோணும்."

அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்தி, துஷாந்தை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துச் சொன்னார். "இங்க ரெண்டு கியர் இருக்கு. பெருசு நீங்க பழகினது. இந்தச் சின்னதுதான் நாலு சில்லுக்கும் பலத்தைப் பிரிச்சுக் குடுக்கும். இத நடுவுல விட்டுட்டா, பெரிய கியர் எதுல போட்டிருந்தாலும் பிரயோசனம் இல்ல. எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடுப்பு அத்துப் போயிரும். ஹேண்ட் பிரேக் மேட்டுல நிக்காது, அதயும் இப்பவே சொல்லிப்போட்டேன். எறங்குறதுன்னா மொதல்ல சில்லுக்குக் கல்லு. அதுக்குப் பொறகுதான் மத்த வேல. முன் சில்லு நடுவுல இருக்குற மூடியக் கையால திருகிப் பூட்டுனாத்தான் நாலும் இழுக்கும். அதுக்குக் குனியிறதுக்கு முந்தி, கல்லு."

துஷாந்த் தலையை ஆட்டினான். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே ஆட்டினான். கேட்டது அவளுக்குத்தான் ஞாபகம் இருந்தது.

அதனால்தான் நேற்று, மழை விட்ட கையோடு அவன் மேக்கணக்குக்கு வண்டியை ஏற்றிப் பார்க்கக் கிளம்பியபோது, "தனியாப் போகாதீங்க. தம்பியக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்று அவள் சொன்னாள். அவனை நம்பாமல்தான் ஒரு துணை அனுப்பினாள்.

மலையிலிருந்து திரும்பி வரும்போது, பெரிய வளைவுக்கு மேலே துஷாந்த் வண்டியை நிறுத்தியிருக்கிறான். சேற்றில் சறுக்காமல் இருக்க முன் சில்லுகளைப் பூட்ட இறங்கியிருக்கிறான். இடது சில்லுக்கும் கருங்கல் கட்டுக்கும் நடுவில் குனிந்திருந்தபோது வண்டி உருண்டது. சில்லுக்குக் கல் வைக்கவில்லை. அதைப் பிறகு ஓடி வந்த எல்லாருமே பார்த்தார்கள்.

வாசலில் ஷுக்ரி வந்து நின்றார். தொப்பியைக் கையில் எடுத்து, மறுபடி தலையில் வைத்தார்.

"வந்துட்டான் பாரு, மொகத்தக் காட்ட," என்று எழுந்தார் சிவஞானம்.

"மையத்து வீட்டுக்கு வாறதுக்கு முந்தி இங்க வரோணும்னு நெனச்சேன் அண்ணன்," என்றார் ஷுக்ரி. யசோதினியிடம் வந்து, நின்றபடியே பேசினார். "தங்கச்சி, அன்னைக்கு நீங்களும் பக்கத்துல இருந்தீங்களே. நான் சொன்னேன்தானே?"

சாவுக்கு வந்தாரா, சாட்சிக்கு வந்தாரா? அவளுக்குச் சட்டென்று அப்படித்தான் தோன்றியது. எல்லாருக்கும் இன்று அவள் வாய்தான் வேண்டும். அவர் தலை குனிந்தார்.

"ஹேண்ட் பிரேக்க மாத்தித் தாங்கன்னு துஷாந்த் கேட்டாரு. அடுத்த மாசம் பாப்பம்னு நான்தான் சொன்னேன். இதயும் உள்ள சொல்லத்தான் போறேன்."

"கேட்டீங்களா? அவன் வாயாலயே வந்துருச்சு!" என்று சிவஞானம் கைதட்டாத குறையாகச் சொன்னார்.

யசோதினி ஷுக்ரியை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு எதிராக ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குள் வந்தவர் இவர் ஒருவர்தான்.

கை கழுவப் போகிறவள்போல எழுந்து குழாயடிக்குப் போனாள். அஜந்தன் அங்கே முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான், ஒற்றைக் கையால்.

"அந்தப் படம் எங்க?" என்றாள்.

"எந்தப் படம் அண்ணி?"

"நீ அனுப்புன படம்."

"நான் ஒண்ணும் அனுப்பலயே." தண்ணீர் அவன் தாடையிலிருந்து சட்டைக்குள் இறங்கியது. "வேற யாருக்கோ அனுப்பப் போயி... தெரியல அண்ணி. ஞாபகமே இல்ல."

அவள் குழாயைத் திருகி மூடினாள். சத்தம் நின்றதும் அவனால் நிற்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். இரண்டாம் முறை கேட்டால் இன்னொரு பொய் சொல்வான், அதையும் தான் சுமக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்படியே போகத் திரும்பினாள்.

"அண்ணன் அப்பவே போயிட்டாரு அண்ணி," என்றான் அவன் பின்னாலிருந்து. "சத்தியமா. நான் குதிச்சு ஓடுனப்பவே கண்ணு நின்னுருச்சு. போனை நான் அதுக்கு அப்புறந்தான்..."

குதித்தான் என்றால் உள்ளே இருந்திருக்கிறான். அவள் கேட்காத கேள்விக்கு அவன் பதில் சொல்லிவிட்டான். அது உண்மையா என்று அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. அந்த வளைவில் மூன்றாவது ஆள் இல்லை. அண்ணன் கண்ணை இவன் நிஜமாகவே பார்த்தானா, போனைப் பார்த்தானா?

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாமியாரின் அழுகை நின்றிருந்தது. நின்றது மட்டுமல்ல, முகம் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு வேலைக்குத் தயாரானவள்போல இருந்தாள். குழாயடியில் நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்தும் இருக்கிறது. நேற்று இரவெல்லாம் அஜந்தனைத் தன் பக்கத்தைவிட்டு நகரவிடாமல் அவள் வைத்திருந்தது துக்கத்தால் என்று யசோதினி நினைத்திருந்தாள்.

"யசோ," என்றாள் பாக்கியலெட்சுமி மெதுவாக. "நீ சின்னவன அந்த வண்டியில ஏத்தி அனுப்புனியே, அதுக்கு நான் ஒன்ன ஏதாச்சும் சொன்னேனா?"

"இல்லங்க அத்த."

"சொல்லவும் மாட்டேன். நீ நல்லதுக்குத்தான் அனுப்புன." யசோதினியின் சேலை நுனியை அவள் விரலில் சுற்றிக்கொண்டாள், குழந்தை சுற்றுவதுபோல. "பெரியவன் போயிட்டான். அவன நீ என்ன பேசுனாலும் எழுப்ப முடியாது. சின்னவன் நிக்கிறான். வண்டி வித்த முதலாளிக்குக் கடை இருக்கு, ஆளு இருக்கு, வக்கீலு வைப்பாரு. இவனுக்கு யாரு இருக்கா? நீயும் நானுந்தானே?"

"ஷுக்ரி நானா சொல்லித்தான் குடுத்தாரு அத்த. நான் பக்கத்துல நின்னேன்."

"நின்னியா? கொரோனருக்குத் தெரியுமா நீ நின்னது?"

யசோதினி அவளைப் பார்த்தாள். கொழுந்துக்கூடை கட்டிக் கட்டி நெற்றியில் தழும்பேறிய முகம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சோற்றில் ஒரு பிடி கூடுதலாக வைத்தவள், காய்ச்சலுக்கு ராப்பகல் பார்க்காமல் கஞ்சி வைத்தவள். அந்தக் கஞ்சியெல்லாம் இப்போது நினைவுக்கு வரட்டும் என்றுதான் இந்தக் கை சேலையைப் பிடித்திருக்கிறதா என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்," என்றாள் பாக்கியலெட்சுமி. "பிரேக் புடிக்காத வண்டின்னு மட்டும் சொல்லு. புடிக்கலத்தானே? மிச்சம் எல்லாத்துக்கும் 'தெரியாதுங்க ஐயா'ன்னுரு. பொம்பளைக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னு அவங்களே விட்டுருவாங்க."

அறைக் கதவு திறந்தது. ஒரு பொலிஸ்காரர் தலையை நீட்டினார்.

"துஷாந்த்... மனைவி யாரு? உள்ள வாங்க."

சிவஞானம் இருமினார். வேன் பக்கத்தில் அஜந்தன் நிமிர்ந்தான். வாசலில் ஷுக்ரி வேறு பக்கம் திரும்பி, மதிலுக்கு அப்பால் தெரிந்த பஸ்ஸைப் பார்ப்பதுபோல நின்றார். யசோதினி எழுந்தாள். எழும்பியதில் சேலை இறுகியது. நுனி இன்னும் மாமியாரின் விரலில்தான் இருந்தது.

"அத்த. அவன் என்ன செஞ்சான்னு நான் சொல்ல மாட்டேன். அத நான் பாக்கல. அவன் சொல்லிக்கிரட்டும்."

பாக்கியலெட்சுமியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆனா அந்த வண்டியப் பத்திக் கேட்டா, அன்னைக்கு நான் கேட்டத முழுசாச் சொல்லுவேன். படத்தக் கேட்டா, பாத்தேன்னு சொல்லுவேன்."

"படத்த ஒங்கிட்ட யாரு கேக்கப் போறாங்க? நீயா சொன்னாத்தானே? எனக்காக, தாயி. 'தெரியாது'ன்னு. ஒரே ஒரு சொல்லு."

"முடியாதுங்க அத்த," என்றாள் யசோதினி.

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள். பிறகு குனிந்து, தூங்கிப்போன குழந்தையின் கையை விடுவிப்பதுபோல, மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். நுனி கசங்கியிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, திறந்திருந்த கதவை நோக்கி நடந்தாள்.