கம்பெனியில் வந்தபடி

கம்பத்தில் அன்றைக்கு மொத்தமே ஐந்து வாடகைக் கார்கள். வருஷம் முழுக்க ஏலக்காய் வியாபாரிகளையும் கல்யாண மாப்பிள்ளைகளையும் சுமந்து திரிகிற அந்த ஐந்தும், சித்திரையில் ஒரு நாள் சுருளிப்பட்டி வரைக்கும் பந்தயம் ஓடும். நான்கு வருஷமாக ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தவன் பொன்னுராஜ். அதுகூட அவனுக்குப் பழகித்தான் போயிருக்கும், பெண்டாட்டி சங்கிலியம்மாள் வைராக்கியம் பிடிக்காமல் இருந்திருந்தால். ஒரே ஒரு வண்டியையாவது முந்திவிட்டு வந்தால்தான் காரில் ஏறுவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே வாரச் சந்தைக்குத் தலையில் கூடையோடு நடந்தாள். பக்கத்தில் காரை உருட்டிக்கொண்டு அவளைக் கெஞ்சிப் பார்த்த நாட்களும் உண்டு. ஊர் சிரித்ததுதான் மிச்சம்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நான்கு கார்க்காரர்கள் மதுரைக்குப் போய், கரியை எரித்து அந்தக் கேஸில் வண்டி ஓட வைக்கிற கம்பெனி டிரம்மை வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். பொன்னுராஜ் பழைய எண்ணெய் டிரம் ஒன்றை உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்து அடித்து வாங்கினான். பார்க்கச் சகிக்காது. ஆனால் மேட்டில் வண்டி திணறாமல் ஏறியது. முதல் தடவையாக அவனுக்கு ஆசை வந்தது.

பந்தயத்துக்கு முந்தின வாரம் கூட்டம் போட்டார்கள். நடுவர் கோட்டைச்சாமி. அவருக்குக் காரும் கிடையாது, ஓட்டவும் தெரியாது. சங்கிலி போட்ட கடிகாரம் இருந்தது, அதனால் நடுவர். மூன்று வருஷமாக ஜெயித்து வந்த செல்லப்பாண்டி எழுந்து, வண்டி கம்பெனியில் வந்தபடியே இருக்கவேண்டும் என்ற விதியை எடுத்து வைத்தான். அந்த விதியே, அவன் ஒரு தரம் கதவுகளையும் மட்கார்டுகளையும் கழற்றிப் போட்டுவிட்டு எலும்புக்கூடாக ஓட்டியதால் போட்டதுதான். அதையெல்லாம் மறந்துவிட்டு, கம்பெனி டிரம்முக்கு ஒரு பந்தயம், கொல்லன் டிரம்முக்குத் தனிப் பந்தயம் என்று நியாயம் பேசினான். வெள்ளிக் கோப்பை முன்னதற்கு, துண்டு பின்னதற்கு. கோட்டைச்சாமி தலையாட்டிவிட்டார். தனியாக ஓடி முதலாவதாக வரப்போகிறாயே என்று பொன்னுராஜைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பொன்னுராஜ் தட்டிய கைகளை விலக்கினான். தனியாக ஓடினால் யாரை முந்துவது?

"சரி மாமா, கம்பெனியில வந்தபடியேன்னா எல்லா வண்டியையும் பாத்துருவோம்" என்று கோட்டைச்சாமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். செல்லப்பாண்டியின் டயருக்குள் டியூபுக்குப் பதிலாக வைக்கோல். ராக்கையா வண்டியில் சீட்டு இருந்த இடத்தில் குட்டைக்கால் கயிற்றுக் கட்டில். குருசாமியின் விளக்கு அரிக்கேன், பிரேக்குக்குக் கிணற்றுக் கயிறு. சுருளிவேலின் கதவு, அவன் வீட்டு மாட்டுத்தொழுவக் கதவு. யுத்த காலத்தில் எவன்தான் என்ன செய்வான்? கோட்டைச்சாமி ஐந்து வண்டியையும் சுற்றி வந்து, கடிகாரத்தை எதற்கோ ஒரு தரம் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"கம்பெனிப் பந்தயத்துல ஓட ஒரு வண்டியும் தேறல. எல்லாரும் கொல்லன் பந்தயத்துல ஓடுங்கப்பா."

கோப்பை பெட்டிக்குள் போனது. துண்டுக்காக ஐந்து பேரும் ஓடினார்கள். செல்லப்பாண்டிதான் முன்னால் பறந்தான். சுருளிப்பட்டிக்குச் சற்று முந்தின மேட்டில் அவன் டிரம்மில் சாம்பல் அடைத்து வண்டி நின்றது. அவன் இறங்கி உதைத்துக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் கடந்தார்கள், கடைசியாகப் பொன்னுராஜும். நான்காவது! துண்டு யாருக்குப் போனது என்றுகூடப் பார்க்காமல், ஹாரனை அமுக்கிய கையை எடுக்காமலே வீடு வந்து சேர்ந்தான்.

சந்தைக்குக் கிளம்பிய சங்கிலியம்மாள் கூடையோடு வாசலுக்கு வந்தாள். "யாரை முந்துனீக?"

"செல்லப்பாண்டியை."

"அவுக வண்டி மேட்டுல நின்னு போச்சுன்னு சைக்கிள்ல வந்தவுக பேசிக்கிட்டாகளே."

ஊரையே வாதாடி மடக்கியவன் அவன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் வெயிலில் நடந்தவளிடம் பொய் சொல்ல மனசு ஒப்பவில்லை. "ஆமா, நின்னுதேன் கெடந்துச்சு" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் கூடையைப் பின்சீட்டில் வைத்தாள்.

"முந்தணும்னுதேன் சொன்னேன். ஓடுற வண்டியைன்னா சொன்னேன்? முன்கதவைத் தொறந்து விடுங்க."