அப்பாவின் வலது பக்கம்

புதன்கிழமை முடிவதற்குள் விண்ணப்பக் கடிதத்தைப் பதிந்துவிட வேண்டும். திங்கட்கிழமை ஆகியும் அக்‌ஷராவின் திரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதையும் மூன்று தரம் அழித்து எழுதியிருந்தாள்.

காது கேட்கும் கருவி பொருத்துகிற படிப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். ஏன் இந்தப் படிப்பு என்று ஆயிரத்து ஐந்நூறு எழுத்துக்குள் சொல்லச் சொன்னது பார்கூர்சூப் என்ற பிரெஞ்சு அரசின் உயர்கல்வி விண்ணப்பத் தளம். வகுப்பில் ஒருத்தி செனெகல் வரை போய்த் தொண்டு செய்தவள். இன்னொருவனின் தாய் டொக்டர். அக்‌ஷராவுக்கு என்ன இருக்கிறது? லிசே என்கிற மேல்நிலைப் பள்ளி, பாரிஸின் லா சப்பலில் இரண்டு அறை வீடு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு.

அன்று பின்னேரம் சிநேகிதி ஆன்ஜெலிக்குடன் ரூ பெர்தொனே தெருவால் வரும்போது அப்பா ஐங்கரன் எதிர்ப்பட்டார். ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் அவருக்குச் சமையல் வேலை. மூவரும் சேர்ந்து நடந்தார்கள். அவர் உணவகத்துக்குள் போனதும் ஆன்ஜெலிக் ஒரு கேள்வி கேட்டாள். தெருவைக் கடந்தபோதும், தள்ளுவண்டிக்கு விலகியபோதும், எதற்காக அப்பாவைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கத்துக்கே வந்தாய்?

தான் அப்படிச் செய்வதே அக்‌ஷராவுக்குத் தெரியாது. இலங்கைப் போரின்போது வன்னியில் ஷெல் விழுந்ததிலிருந்து அப்பாவுக்கு இடது காது "கொஞ்சம் மந்தம்". வீட்டில் அவ்வளவுதான் பேச்சு. ஆனால் சாப்பாட்டு மேசையிலும் மெத்ரோ ரயிலிலும் அவள் இருந்தது எப்போதும் வலது பக்கம்தான். யாரும் சொல்லித் தந்ததில்லை.

வீட்டுக்குப் போய், ஷெல்லிலிருந்து வலது பக்கம் வரை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. உணவகத்தில் அப்பா யாருக்கும் காதைப் பற்றிச் சொன்னதில்லை. தெரிந்தால் அடுப்படியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்பது அவருடைய எண்ணம். முதலாளியின் மகள் லக்ஷனா அவளுடைய வகுப்பில்தான் படித்தாள். கடிதங்களை ஒருவருக்கொருவர் வாசித்துத் திருத்துவது அங்கே வழக்கம். செவ்வாய்க்கிழமை 'அப்பா' என்பதை 'ஓர் உறவினர்' என்று மாற்றிப் பார்த்தாள். கடிதம் செத்துப்போயிற்று.

புதன்கிழமை, இரண்டு வேலை நேரங்களுக்கு இடையில் அப்பா வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்திருந்தார். அவள் கடிதத்தைத் தமிழாக்கித் தடுமாறித் தடுமாறி வாசித்தாள். தலை நிமிரத் துணிவில்லை.

"அப்ப நீ வேணுமெண்டுதான் அந்தப் பக்கம் வாறனியோ?"

"இல்லை அப்பா. எனக்கே தெரியாது."

அவர் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "அந்தக் காது ஒண்டுமே கேக்காது, பிள்ளை. உங்களில ஒருத்தருக்கும் தெரியாதெண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். உணவகத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். லக்ஷனாவுக்குக் காட்ட மாட்டேன் என்றும் சொன்னாள்.

"அந்த ஷெல் கதையை எடுத்துவிடு. அது இருந்தா எல்லாரும் அதைத்தான் பாப்பினம். நீ நடந்து வாறதை எழுது, அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

இரண்டு வாக்கியங்களை எடுத்ததும் கடிதம் மிகவும் சிறுத்துப்போனது. இவ்வளவு சின்ன விஷயத்தை யார் மதிப்பார்கள் என்று மனம் அடித்துக்கொண்டது. என்றாலும் அப்பா ஐந்து மணிக்கு மறுபடி வேலைக்குப் புறப்படுமுன்னமே உறுதிசெய்யும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

ஜூனில் இரண்டு கல்லூரிகள் மறுத்தன. மூன்றாவதில் காத்திருப்போர் பட்டியல், அறுபத்தோராவது எண். விடிந்ததும் கைபேசியைப் பார்ப்பதே வேலையாயிற்று. எண் நாற்பதில் வந்து நின்ற ஒரு காலை, வேலைக்குப் புறப்பட்ட அப்பா கதவடியில் தயங்கினார்.

"எனக்கும் காதைக் காட்ட டொக்டரிட்ட ஒரு ரொந்தேவூ எடுத்துத் தாறியோ?"

ஜூலை நடுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. அப்பாவுக்குச் செப்டம்பரில்தான் நாள் கொடுத்தார்கள்.