காவலுக்கு வந்த ஆள்

மிரட்டல் அந்த வக்கீலம்மாவுக்குப் புதிதல்ல. போனில் எவனாவது "காலை ஒடிச்சிடுவேன்" என்பான். "எந்தக் கால்னு முன்னாடியே சொல்லிடுப்பா, செருப்பு வாங்கற செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். ஆனால் அவள் கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் பட்டப்பகலில் ஒரு செங்கல் பறந்து வந்தபோது அவளுக்குக் கிண்டல் வரவில்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியாகவே இருக்கும் கடை அது. எறிந்தவனுக்குக் குறி பார்க்கும் சிரமம்கூட இருந்திருக்காது. கணவரின் புருவத்துக்கு மேல் தையல் போட வேண்டியதாயிற்று.

எல்லாம் ஒரு பெயிண்டரின் சாவில் வந்த வினை. திருட்டுச் சந்தேகம் என்று சொல்லி அவனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் நெஞ்சுவலி என்று சொல்லிப் பிணமாகக் கொடுத்தார்கள். உள்ளங்கால் இரண்டும் கன்றிப்போகிற விசித்திரமான நெஞ்சுவலி. அவன் மனைவி ஏறி இறங்கிய இடமெல்லாம் கையை விரித்த பிறகு, இவள்தான் வழக்கை எடுத்தாள்.

செங்கல் விஷயத்தைக் கேட்ட நீதிபதி, வக்கீலம்மாவுக்குப் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்கும்படி உத்தரவிட்டார். கொடுத்தார்கள். எந்த நிலையத்தின் மீது வழக்கோ அந்த நிலையத்திலிருந்தே ஒரு காவலரை அனுப்பி வைத்தார்கள்.

வந்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். முழங்கால் வலிக்காரர். இடுப்பில் துப்பாக்கி தொங்கினாலும், அவர் கை அடிக்கடி தேடிப் போனது சட்டைப்பையில் இருந்த தைல பாட்டிலைத்தான். வக்கீலம்மாவின் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றோடு அலுவலகத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது.

பின்னே? போலீஸ் அடித்தது என்று புகார் சொல்ல வருகிறவன், வாசலிலேயே போலீஸைப் பார்த்தால் உள்ளே வருவானா? காவல் நிலையத்தில் பெயிண்டரோடு ஒரே அறையில் அடைபட்டிருந்த ஒரு லாரி டிரைவர், பல நாள் தூது விட்டதற்குப் பிறகு, ஒருவழியாகப் படியேறி வந்தார். காக்கிச்சட்டையைப் பார்த்தார். "இங்க பல் டாக்டர் இல்லீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வக்கீலம்மா செருப்புக்கூடப் போடாமல் தெருமுனைவரை ஓடினாள். டிரைவர் மாயமாய் மறைந்துவிட்டார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவளிடம் காவலர் கரிசனமாகக் கேட்டார்: "என்ன மேடம், தெரிஞ்சவரா?"

"அண்ணே, அந்த மனுஷனைத் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்குத் தெரியாது. நீங்க சும்மா உட்கார்ந்தே விரட்டிட்டீங்க!"

"நான் ஒண்ணுமே சொல்லலையே மேடம். பல் டாக்டர் அடுத்த பில்டிங்னு வழிதானே காட்டினேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இவரைத் திட்டினால் பாவம், திட்டாவிட்டால் தனக்கு மண்டை வெடிக்கும். மேலதிகாரிகளிடம் போய், சாதாரண உடையிலாவது ஆளை அனுப்புங்கள் என்று கேட்டாள். சீருடைதான் பாதுகாப்பு என்றார்கள். அப்படியானால் ஆளே வேண்டாம் என்றாள். எனக்கு எந்த மிரட்டலும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், உடனே எடுத்துவிடுகிறோம் என்றார்கள். போட்டால் செங்கல் வழக்கு செத்துப்போகும். போடாவிட்டால் பெயிண்டர் வழக்கு செத்துப்போகும். நன்றாகத்தான் மாட்டிவைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம், ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிய தாளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் கரி. போன் அடித்தது. "அண்ணே, கொஞ்சம் எடுங்களேன்" என்றாள்.

காவலர் எடுத்தார். மறுமுனையிலிருந்து வந்த கத்தல் அறை முழுக்கக் கேட்டது. "புருஷனுக்கு நெத்தியோட போச்சு. அடுத்தது உனக்குத்தான்டி..."

முழங்கால் வலிக்காரர் விறைப்பாக எழுந்து நின்றார். "ஐயா!" என்றார்.

கத்தல் பட்டென்று நின்றது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. காவலர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு?" என்றாள் வக்கீலம்மா.

"ராங் நம்பர் மேடம்."

"ராங் நம்பருக்கா எழுந்து நின்னு ஐயான்னு சொன்னீங்க?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார். தைல பாட்டிலை எடுத்தார், திறக்காமலே கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "எங்க இன்ஸ்பெக்டர் குரல் மேடம். இருவது வருஷமா அந்தக் குரலுக்கு எழுந்து நிக்கறேன். கால் தன்னால எழுந்துடுச்சு."

"இதைக் கோர்ட்டுல சொல்வீங்களா?"

"எனக்குப் பொண்ணு படிச்சிட்டிருக்கா மேடம்."

இந்த ஒரு வாக்கியத்தை இந்த அறையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பாள்! பொண்ணு படிக்குது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்பதான் வீடு கட்டறோம். எல்லாரும் சொல்வது உண்மைதான். அதுதான் எரிச்சல்.

"நான் சொன்னா, அப்புறம் என்னைக் காப்பாத்த யார் இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"போலீஸ் பாதுகாப்பு கேட்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் கணவர் கொதித்தார். "நாளைக்கே ஜட்ஜ்கிட்ட அவரைக் கை காட்டு. கூண்டுல ஏத்து."

"அவரா வந்து சொன்னாத்தாங்க. நான் இழுத்துவிட மாட்டேன்."

"ஏன், என் நெத்திக்குத் தையல் நானா போய்ப் போட்டுக்கிட்டதா?"

"சாட்சியைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா, அவனுங்களுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ஒரு வித்தியாசம் இருக்கு. அவனுங்களுக்கு மாசமானா சம்பளம் வருது."

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கோபத்தில் அழுதாளா பயத்தில் அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கணவரின் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டாள். அவரும் நெற்றியைக் காட்டினார்.

அடுத்த விசாரணையில் அரசு வக்கீல் எழுந்தார். வக்கீலம்மாவுக்கு இப்போது எந்த அச்சுறுத்தலும் இல்லை, பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம், காவலரே அப்படித்தான் அறிக்கை தந்திருக்கிறார் என்றார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்தக் காவலர் வந்திருக்காரா?"

கடைசி வரிசையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அவர்.

"மிரட்டல் எதுவும் வரலையா?"

வக்கீலம்மா கையிலிருந்த கோப்பில் கண்ணை நட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். அவர் கை சட்டைப்பையில் தைல பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தது.

"வந்துச்சுங்க ஐயா. போனை நானே எடுத்தேன். அறிக்கை அவங்க எழுதினது, நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

"பேசினது யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க ஐயா. இந்த முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்காரு."

மன்றமே சலசலத்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பெயிண்டரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீலம்மாவுக்கோ சந்தோஷம் வருவதற்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. மனுஷன் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சட்டப்படி ஏதாவது தயார் பண்ணி வைத்திருப்பாளே!

பலன் வந்தது, அரையும் குறையுமாக. விசாரணைக்கு உத்தரவானது. விஷயம் ஊரெல்லாம் பரவியதும் லாரி டிரைவர் தானாகவே வந்து, "போலீஸே சொல்லிட்டாரு, எனக்கென்ன" என்று பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், இதைவிடப் பெரிய நிலையத்துக்கு. உண்மை சொன்ன காவலரை ஒழுங்கீனம் என்று சொல்லிப் பணி இடைநீக்கம் செய்தார்கள். அடுத்த வாரமே, அவர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை யாரோ கொளுத்திவிட்டார்கள்.

வக்கீலம்மா அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் கருகிய ரப்பர் நாற்றம். காவலரின் மனைவி நிலைப்படியில் வழிமறித்து நின்றாள்.

"நீங்கதானா அது? உங்க வாசல்ல காவலுக்கு உட்கார்ந்த பாவத்துக்கு, இந்தக் கதிக்கு ஆளாயிட்டார் எங்க வீட்டுக்காரர். வேலை போச்சு. வண்டி போச்சு. பொண்ணை வெளிய அனுப்பவே பயமா இருக்கு. இப்ப எதுக்கு வந்தீங்க?"

உள்ளேயிருந்து காவலர், "அவங்களை ஒண்ணும் சொல்லாதே" என்றார். அவள் காதில் வாங்கவில்லை.

"இடைநீக்கத்தை எதிர்த்து மனு போடணும்மா" என்றாள் வக்கீலம்மா. "வண்டியைக் கொளுத்தினதுக்கும் புகார் கொடுக்கணும்."

"யாருகிட்ட? அவங்ககிட்டயேவா?"

"ஆமா. முதல்ல அவங்ககிட்டதான் கொடுக்கணும். வாங்க மாட்டாங்க. அப்புறம் கோர்ட்டுக்குப் போகணும்."

"ஜெயிச்சிடுவீங்களா?"

"தெரியலைம்மா. பொய் சொல்ல மனசு வரலை."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வியர்வையில் நனைந்த கறுப்புக் கோட்டு, புழுதி படிந்த கால், கையில் வீங்கிப்போன பை. பெருமூச்சு விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"சரி, உள்ள வாங்க. எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிப்பீங்க."