ஜெயக்கொடியின் பாஸ்வேர்டு எனக்கும் தெரியாது

1

என் காதில் விழுந்த ஒரு பதிலிலிருந்து வந்த கதை இது. 1999இல், மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். மூலையிலிருந்து ஒரு பெண், தன் பாஸ்வேர்டு என்னவென்று கேட்டாள். கடைக்காரர் தலையைத் தூக்காமலே உரக்கச் சொன்னார்: "உங்க பேருதான் சிஸ்டர். பின்னாடி நாப்பத்தஞ்சு போட்டுக்கோங்க."

ஊரின் பின்கோடு 600045. வருகிற எல்லாருக்கும் அவரே ஈமெயில் கணக்குத் திறந்து, பெயரோடு நாற்பத்தைந்தைச் சேர்த்துப் பூட்டிக் கொடுப்பார். மறந்தால் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? தெருவுக்கே ஒரு சாவி. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

கடைக்காரருக்கு எட்மண்ட் என்று பெயர் வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு ஜெயக்கொடி.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது. ஜெயக்கொடி ஜன்னலோரம் நின்று' — வேண்டாம். அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நின்று மழை பார்க்க அவளை யார் விடுகிறார்கள்?

இரண்டாம் தொடக்கம், இதுவே இருக்கட்டும்: மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி, ஜெயக்கொடியை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஈமெயில் அனுப்பியது. அவள் பார்ப்பதற்கு முன்பே அண்ணன் லோகநாதன் பார்த்துவிட்டான். தங்கை பெயர் தெரியும். நாற்பத்தைந்து ஊருக்கே தெரியும். 'எனக்கு வர விருப்பமில்லை' என்று அவள் பெயரிலேயே பதிலும் போட்டான்.

(லோகநாதனை வில்லனாக்கப் பார்த்தேன். மீசையைக்கூடப் பெரிதாக்கினேன். ஒட்டவில்லை. பெருங்களத்தூரில் நிலம் வைத்திருக்கிற குடும்பம். அப்பா போனபிறகு தங்கையைப் படிக்கவைத்தவன். கடல் தாண்டித் தனியாகப் போகிறாளே என்ற பயம் நிஜம். அதனால் செய்தது சரியாகிவிடாது.)

தான் எழுதாத அந்த வரியைப் பார்த்து ஜெயக்கொடி அழுதாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. அதை எழுதியது தானல்ல, இடம் இன்னும் இருக்கிறதா என்று அப்போதே மஸ்கட்டுக்குக் கேட்டு அனுப்பினாள். பதில் வருவதற்குள் பூட்டை மாற்ற வேண்டும்.

3

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கூடப் பிறந்தவனுக்குத் தெரியாத சொல் ஒருத்தியிடம் என்ன இருக்கும்? பிறந்த தேதி, பள்ளிக்கூடம், வீட்டில் கூப்பிடும் பெயர், செத்துப்போன நாய், எல்லாம் அவனுக்கும் சொந்தம்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முடித்துவிட்டாள். அவள் சொல் எதையும் தேடவில்லை. தனக்கு மட்டும் நடந்த ஒன்றை, முழு வாக்கியமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் எடுத்துக் கோத்தாள். சிலவற்றைப் பெரிய எழுத்தாக்கினாள். நடுவில் ஓர் எண் (எதன் எண்? வார்டா, பஸ்ஸா?), கடைசியில் ஒரு குறி. பார்ப்பவருக்கு வெறும் கிறுக்கல். அவளுக்கு அது பேச்சு.

எட்மண்டுக்கு மனசு கேட்கவில்லை. "எங்கயாவது எழுதி வெச்சுக்கோங்க சிஸ்டர். மறந்துட்டா என்னாலயும் திறக்க முடியாது."

"மறக்கிற விஷயம் இல்லண்ணா."

அசந்துபோனேன். நான் உண்டாக்கிய பெண்தான். அந்த வாக்கியம் எனக்கே தெரியாது. (முயன்றேன்: 'முதன்முதலாக என் கையில் ஒரு குழந்தை' — இல்லை. இது கதை எழுதுகிறவன் வாக்கியம்.)

4

லோகநாதன் மறுபடி வந்தான். பெயரும் நாற்பத்தைந்தும் போட்டான். தேதி போட்டான். அம்மா கிளியம்மாள் பெயரைப் போட்டான். நாயையும் விடவில்லை.

"இன்னா எட்மண்டு, மிஷின் பேஜார் பண்ணுது?"

"மிஷின் நல்லாத்தான் கீதுண்ணா. சிஸ்டரே மாத்திகினாங்க. எனக்கே தெரியாது."

வீட்டில் சாப்பிடும்போது தங்கையிடம் நேராகவே கேட்டான். "அண்ணன்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"உன்கிட்டதான் சொல்லக் கூடாது."

அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை. அவன் திருப்பிப் பேசுவதாக என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. அவன் ரசத்தைச் சோற்றோடு பிசைந்தான்.

5

மஸ்கட்டிலிருந்து பதில் வந்துவிட்டது.

முடிவு ஒன்று: இடம் இருக்கிறது, வரலாம்.

முடிவு இரண்டு: வேறொருத்தியை எடுத்து

இரண்டையும் எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். ஜெயக்கொடி வந்து உட்கார்ந்துவிட்டாள். கைப்பையால் விசைகளை மறைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுகிறாள். கட்டத்தில் நட்சத்திரங்கள் மட்டும் விழுகின்றன. திறக்கிறது. கடிதத்தின் மேல் சொடுக்கப் போனவள், முதுகுக்குப் பின்னால் நாம் நிற்பதைக் கண்டு திரும்புகிறாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். படிச்சிட்டு, சொல்லணும்னு தோணுச்சுன்னா நானே சொல்றேன்."

நான் தள்ளி நின்றுவிட்டேன். நீங்களும் இப்படி வந்துவிடுங்கள்.