கத்தினால் கொடுக்கக்கூடாது

சிவலட்சுமி மிஸ் வீட்டுக்கு வரத் தொடங்கிய மூன்றாம் கிழமையே அன்ரோனெற்றுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தங்கை மெற்றில்டாவுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. கொழும்பில் டொக்டர் ஓட்டிசம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவளைப் பழக்கத்தான் செவ்வாயும் வெள்ளியும் மிஸ் மன்னாரிலிருந்து பஸ்ஸில் தலைமன்னாருக்கு வருவாள். பாயில் பிள்ளையை இருத்தி, நீலக் கோப்பையையும் சிவப்புக் கோப்பையையும் முன்னால் வைப்பாள். சொன்ன கோப்பையைத் தொட்டால் ஒரு துண்டு பிஸ்கட்.

"கத்திக் கேட்டா மட்டும் குடுக்கக்கூடாது. ஓயும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருங்கோ. வீட்டில எல்லாரும் ஒரே மாதிரி நிக்கோணும்" என்றாள் மிஸ். அம்மா செபஸ்தியம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அன்ரோனெற் பள்ளிக்கூடத்தால் வந்தால் பாடம் முடியும்வரை குசினியில் அடுப்படியோடு சத்தம் போடாமல் இருக்கவேண்டும். பதின்மூன்று வயதுக்காரி சாப்பிட்டாளா என்று கேட்க அம்மாவுக்கு நினைவு வராது. அண்ணன் யூஜின் மட்டும் சிரித்துக்கொண்டே மெற்றில்டாவைத் தோளில் தூக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோவான். அவனுக்குப் பதினேழு.

ஒரு சனிக்கிழமை அம்மா அரிசி வாங்கச் சங்கக்கடைக்குப் போயிருந்தாள். மெற்றில்டா தண்ணீர் வாளி கேட்டுக் கத்தினாள். அன்ரோனெற் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். தங்கை கால் மணி நேரம் கத்தியிருப்பாள். தெருமுனைக் காவலரணில் நின்ற இரண்டு ஆமிக்காரர் துவக்கோடு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர்களின் கண்ணில் யூஜின் பட்டான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் விட்டுவிட்டார்கள். ஒரு காது வீங்கியிருந்தது.

அன்றிலிருந்து மெற்றில்டா வாயைத் திறந்தாலே போதும், அன்ரோனெற் ஒரு பிஸ்கட்டை அவள் கையில் வைத்துவிடுவாள். அம்மாவுக்குத் தெரியாமல்தான். இரண்டு கிழமையில் மெற்றில்டா எழும்பியவுடனேயே கத்தப் பழகிவிட்டாள்.

மிஸ் தன் கொப்பியைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "குறையவேண்டியது கூடிக்கொண்டு போகுது. அம்மா, நீங்கள் குடுக்கிறீங்களா?"

"மாதா சத்தியமா இல்லை மிஸ்."

"ஆரோ குடுக்கினம். பாவம் பாத்து நீங்களே பிள்ளையைக் கெடுத்துப்போடாதேங்கோ."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்ரோனெற்றால் குசினியில் நிற்க முடியவில்லை.

"நான்தான் குடுத்தனான்" என்றபடி வெளியே வந்தாள். "அவள் கத்தினா அவங்கள் வருவாங்கள். அண்ணாவைக் கொண்டுபோனா நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வருவீங்களா?"

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். மிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் படிச்ச இடத்தில வேலிக்கு அங்கால காவலரண் இருக்கேல்ல" என்றாள் மிஸ். "உன்னில பிழை இல்லை. இவள் கத்தாமல் கேக்க ஒரு வழியை முதல் காட்டிக் குடுப்பம். உன்ர உள்ளங்கையில கையை வைக்கப் பழக்கு. வைச்ச உடனே கேட்டதைக் குடு. செய்வியா?"

"எனக்குப் படிக்க இருக்கு."

"பத்து நிமிஷம் காணும். மிச்ச நேரம் உனக்குத்தான்." மிஸ் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் தினம் கொஞ்ச நேரம் இந்தப் பிள்ளையோட இருங்கோ அம்மா. இவளும் உங்கட பிள்ளைதானே."

அன்ரோனெற் பழக்கினாள். சில நாள் மெற்றில்டா கையை வைத்தாள். பல நாள் கத்தினாள். கத்தல் தொடங்கும்போதெல்லாம் யூஜின் பின்பக்கக் கிணற்றடிக்குப் போய் நின்றுகொள்வான். அதைப் பார்த்துப் பார்த்து அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். ஒரு ஞாயிறு மாலை, மாமாவின் படகில் அவனை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். தங்கையைத் தூக்கி முத்தமிட்டுவிட்டுப் போனான். அவளுக்கு என்ன விளங்கியது என்று யாருக்குத் தெரியும்?

மூன்று நாள், அவன் கடற்கரைக்குக் கொண்டுபோகும் நேரம் வந்ததும் மெற்றில்டா படலையில் தொங்கிக்கொண்டு கத்தினாள். அன்ரோனெற் கையை நீட்டினாள். தங்கை தன் கையை அதில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். கேட்டதைக் கொடுக்க அன்ரோனெற்றிடம் வழி இல்லை. கத்தல் முன்னிலும் கூடியது.

ஒரு மாதம் கழித்து மண்டபம் அகதி முகாமிலிருந்து யூஜினின் கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறானாம். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு விம்மினாள். அந்நேரம் மெற்றில்டா எதற்கோ கத்தத் தொடங்க, அன்ரோனெற் பழக்கதோஷத்தில் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. இனி இவள் எவ்வளவு கத்தினாலும் கொண்டுபோக வீட்டில் ஆள் இல்லை என்ற எண்ணம் வந்தது. நெஞ்சு லேசானது. லேசானதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. தங்கைக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு, அவள் ஓயும்வரை காத்திருந்தாள்.