மோதிர விரல்

டாக்டர் தம்பிராஜாவுக்குக் காலையில் கண் ஆபரேஷன். பின்னேரம்வரை தனியே விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பேர்லேண்ட் போன்ற அமெரிக்கப் புறநகரில் அவரை யாரிடம் கொண்டுபோய் விடுவது? மகள் நிருஜா கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பாவையும் எலெக்ட்ரிக் கிதாரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு ரெக்கார்டிங்குக்குப் புறப்பட்டாள். கிதாருக்குத்தான் முதலில் சீட் பெல்ட் போட்டாள் என்று அப்பா வழி நெடுகக் குறைபட்டுக்கொண்டு வந்தார்.

பதினெட்டு வருடமாக ஊரார் பாட்டுக்கெல்லாம் வாசித்துக் கொடுப்பவள் அவள். கூப்பிட்டால் போவாள், கேட்டதை வாசிப்பாள், வீட்டுக்கு வருவாள். ஆல்பத்தின் அட்டையில் பெயர் வராது. அதில் தனக்கு மனக்குறை இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்வாள், பொய். இப்போது டோலரஸ் என்ற ப்ளூஸ் பாடகி தன் புதுப் பாட்டின் நடுவே கிதாருக்கென்று தனி இடம் விட்டு, அட்டையில் உன் பெயரும் வரும் என்றிருந்தாள். ஆனால் டோலரஸ் எதையும் மூன்று தரம்தான் பதிவாள். மூன்றிலும் சரிவராவிட்டால் அந்த இடத்தையே வெட்டிவிடுவாள்.

பதிவு நடந்தது டோலரஸ் வீட்டு கராஜில். அப்பாவை மூலையில் ஒரு மர நாற்காலியில் இருத்தி, மூச்சைக்கூட மெல்ல விடச் சொல்லிவிட்டு நிருஜா தொடங்கினாள். முதல் தரம் பயந்து வாசித்தாள். இரண்டாம் தரம் பயம் தெரியக்கூடாதென்று வாசித்தாள். அது இன்னும் மோசம். மூன்றாம் தரம் எங்கிருந்தோ ஒரு பிடிமானம் கிடைத்தது. ஹெட்போனில் ஓடும் டிரம்ஸ்தான் என்று நினைத்துக்கொண்டாள். விரல்கள் அவசரமில்லாமல் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து நடந்தன. ப்ளூஸில் அந்தச் சோம்பல்தான் அழகு. முடித்தபோது சந்தோஷத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது.

டோலரஸ் பதிவைப் போட்டுக் காட்டினாள். கிதாருக்கு அடியில் டக், டக் என்று ஒரு சத்தம். நிருஜா திரும்பினாள். நாற்காலிக் கையின்மேல் அப்பாவின் மோதிர விரல் இருந்தது.

"அப்பா, நீங்களோ தட்டினது?"

"ஓம் பிள்ளை. நீ பிந்திப் பிந்திப் போனாய். அந்த மனுசிக்கு முன்னால மானம் போகப்போகுதெண்டு தாளம் பிடிச்சுத் தந்தனான்."

கோயில் கச்சேரிகளில் முன்வரிசையில் இருந்து, தொடையில் தாளம் போட்டு, மிருதங்கக்காரரை முறைக்கிற மனிதர். மகளின் வாசிப்பை ஒருநாளும் முழுதாக இருந்து கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டதோடு நிற்காமல் காப்பாற்றவும் பார்த்திருக்கிறார். அவள் கோபப்பட மறந்து அந்த விரலையே பார்த்தாள். மூன்று தரமும் முடிந்துவிட்டது.

நடந்ததைச் சொன்னதும் டோலரஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணை மூடி இன்னொரு முறை கேட்டாள். இவர் விடாமல் பிடித்ததால்தான் நீ இவ்வளவு நிம்மதியாகப் பிந்தியிருக்கிறாய், இது இப்படியே இருக்கட்டும், பாட்டின் மிச்ச இடங்களுக்கும் இவர் தட்ட நீ வாசிக்கவேண்டும் என்றாள்.

"அப்ப என்ர பேரும் போடுவினமோ?"

"எனக்கே பதினெட்டு வருஷம் எடுத்தது, அப்பா."

டோலரஸ் ஒரு மைக்கைக் கொண்டுவந்து நாற்காலிக் கையருகே வளைத்து வைத்தாள். அப்பா பாஸ்போர்ட் படத்துக்கு இருப்பவர்போல நிமிர்ந்தார்.

"தொடங்கு பிள்ளை. பிந்திறதெண்டா வடிவாப் பிந்து."

கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மூடினாரோ என்னவோ, மோதிர விரலை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார்.